அரண்மனை வல்லூறுக் கூடம்: ஒரு பதவியின் வரலாறும் நம் வகுப்பறையும்

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் முகலாயப் பேரரசுப் பாடம் நடத்தும்போது நாம் பெரும்பாலும் போர்கள், நிலவரி, மன்சப்தாரி முறை, கட்டடங்கள் என்று போய்விடுகிறோம். அரண்மனைக்குள் அன்றாடம் வேலை பார்த்தவர்கள் யார் என்ற கேள்வி வருவதில்லை. யானைக் கொட்டில், குதிரை லாயம், சமையற்கூடம், கூடாரக் கிடங்கு, நூலகம் என்று அக்பரின் அரண்மனையில் பல துறைகள் இருந்தன. வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளைப் பராமரிக்கும் கூடமும் அவற்றில் ஒன்று. பாரசீகமும் துருக்கியும் கலந்த அரசவை மொழியில் அதற்கு 'குஷ்கானா' என்று பெயர். 'குஷ்' என்றால் பறவை. அதன் தலைவர் 'குஷ்பேகி'. வேட்டைத் துறைத் தலைவருக்கு 'மீர் ஷிகார்' என்ற பட்டமும் உண்டு.

இதைப் பாடத்தில் சேர்க்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். தேர்வுக்கு வராது, உண்மைதான். ஆனால் ஓர் அரசு எப்படி இயங்கியது என்பதை ஒரு குழந்தைக்குப் புரியவைக்க ஒரு சிறிய துறை போதும். வரித்துறையைவிட வல்லூறுத் துறை சுவையானது.

அபுல் ஃபசல் தொகுத்த 'அயினி அக்பரி'யில் இந்தத் துறைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. பேரரசரின் வீரதீரக் கதைகளை எதிர்பார்த்துப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பகுதி கணக்கு வழக்கு. எந்தப் பறவைக்கு எவ்வளவு இறைச்சி, பணியாளருக்கு என்ன சம்பளம், பறவையின் விலை என்ன என்பவை வரிசையாக வருகின்றன. காஷ்மீரில் பறவைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உணவு, அரசவையில் இரண்டு வேளை. 'பாஸ்' என்ற பெரிய வல்லூறுக்கு 7 தாம் எடை இறைச்சி. 'பாஷா' என்ற சிறிய வகைக்கு 3 தாம். தாம் என்பது அக்காலச் செப்புக் காசு. ஒரு காசின் எடை சுமார் 21 கிராம். அப்படியானால் பெரிய பறவைக்கு எத்தனை கிராம், சிறிய பறவைக்கு எத்தனை கிராம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்கிட்டுவிடுவார்கள். காசையே எடைக்கல்லாகப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

விலைப் பகுதி இன்னும் சுவையானது. ஆசை மிகுதியாலும் அனுபவக் குறைவாலும் மக்கள் பறவைகளுக்கு அளவுக்கு மீறிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் விலைக்கு உச்சவரம்பு வைத்தார் அக்பர். வியாபாரிக்கு நியாயமான லாபம் வேண்டும், வாங்குபவர் ஏமாறவும் கூடாது என்பது காரணம். உழவர் சந்தையில் எழுதிப் போட்டிருக்கும் விலைப்பலகையைப் பார்த்து வளர்ந்த திண்டுக்கல் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

இளவேனிலின் நடுவில் பறவைகளை ஒருமுறை பார்வையிட்டு, பிறகு இறகு உதிர்ப்பதற்காக நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிடுவார்கள். புதிய இறகு முளைத்துத் திரும்பியதும் மீண்டும் பார்வை நடக்கும். எந்தப் பறவை எப்போது வாங்கப்பட்டது, எத்தனை வேட்டை பிடித்தது என்பதற்கு ஏற்ப வரிசை அமையும். நம் பள்ளியில் ஆண்டாய்வு நடப்பதைப் போலத்தான். பணியாளர்களில் காஷ்மீரிகளும் இந்துஸ்தானியரும் மிகுதி.

ஜஹாங்கீர் காலத்து நிகழ்ச்சி ஒன்றை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1619இல் அரிய வல்லூறு ஒன்றை ஜஹாங்கீருக்குப் பரிசாக அனுப்பினார். வடதுருவத்தை ஒட்டிய குளிர்நாடுகளில் வாழும் 'ஷுங்கார்' வகை அது. வழியில், கொண்டுவந்த மீர் ஷிகாரின் கவனக்குறைவால், ஒரு பூனை அதைக் குதறிவிட்டது. அரசவைக்கு வந்து சேர்ந்தும் ஒரு வாரத்துக்குமேல் அது பிழைக்கவில்லை. அதன் அழகில் மயங்கிய ஜஹாங்கீர், ஓவியர் மன்சூரை அழைத்து அதன் உருவத்தைத் தீட்டிவைக்கச் சொன்னார். இதைத் தம் நினைவுக்குறிப்பிலும் எழுதிவைத்தார். இரண்டு பேரரசுகளுக்கு இடையிலான நட்புச் சின்னத்தை ஒரு பூனை முடித்துவைத்ததைக் கேட்டால் எந்த வகுப்பும் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், அரசர்கள் ஏன் ஒருவருக்கொருவர் பறவைகளைப் பரிசளித்தார்கள் என்று கேட்கலாம். அங்கிருந்து தூதுறவு, வணிகப் பாதை, புவியியல் என்று பாடம் தானாக நகரும்.

இது முகலாயர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணிச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலில், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாக வல்லூறு வேட்டை விவரிக்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் இமயமலை அடிவாரக் குமாவுன் நாட்டு அரசர் ருத்ரதேவர் இந்தக் கலைக்கென்றே 'சியைனிக சாஸ்திரம்' என்ற நூலை எழுதினார். ஹரப்பிரசாத் சாஸ்திரி அதைப் பதிப்பித்து 1910இல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டார். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டுப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இதே பொருளில் ஒரு பெருநூல் எழுதினார். அரேபியரிடமிருந்து வல்லூறின் கண்மறைப்புத் தொப்பியை அவர் கற்றுக்கொண்டார்.

அரண்மனைப் பதவிகளில் ஒரு விந்தை உண்டு. வேலை ஒழிந்தாலும் பெயர் நீடிக்கும். இலண்டனில் அரசரின் வல்லூறுகள் இருந்த இடம் சேரிங் கிராஸ் பகுதி. இறகு உதிர்க்கும் காலத்தில் பறவைகளை அடைத்துவைக்கும் கூடத்துக்கு அங்கே 'மியூஸ்' என்று பெயர். எட்டாம் ஹென்றி காலத்தில், 1534இல், அது தீயில் எரிந்தது. மீண்டும் கட்டியபோது அங்கே வல்லூறுகள் வரவில்லை, குதிரைகள் வந்தன. பெயர் மாறவில்லை. அரண்மனை லாயத்துக்கு இன்றும் 'ராயல் மியூஸ்' என்றுதான் பெயர். பழைய மியூஸ் இருந்த இடத்தில் இப்போது டிராஃபால்கர் சதுக்கம் இருக்கிறது. இரண்டாம் சார்லஸின் மகன் வழிவந்த செயின்ட் ஆல்பன்ஸ் பிரபுக்களுக்கு 'பரம்பரைத் தலைமை வல்லூறு அலுவலர்' என்ற பட்டம் உண்டு. அரண்மனையில் வல்லூறு வேட்டை மறைந்த பிறகும், 19ஆம் நூற்றாண்டு வரை அந்தப் பட்டத்துக்குக் கருவூலத்திலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது.

மத்திய ஆசியாவில் புகாரா அமீரகத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே குஷ்பேகி என்பவர் முதலமைச்சராகவே உயர்ந்துவிட்டார். 1920இல் அமீரின் ஆட்சி கவிழும்வரை அப்பதவி இருந்தது. அச்சொல்லின் முதற்பகுதி பறவையைக் குறிக்காது, படைமுகாமைக் குறிக்கும் 'கோஷ்' என்ற சொல்லே அது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஜப்பானில் வல்லூறு வேட்டைக்காரர்கள் ஷோகன்களிடமிருந்து பேரரசரின் அரண்மனைத் துறைக்கு மாறினார்கள். அத்துறை இன்றும் தன் வாத்துக் குளங்களுக்கு வெளிநாட்டுத் தூதர்களை அழைத்து, வலையால் வாத்து பிடிக்கவைத்து, கால்வளையம் மாட்டி, திரும்பப் பறக்கவிடுகிறது.

இதெல்லாம் தொலைதூரக் கதை என்று தோன்றினால், பிள்ளைகளை நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனத்தால் அழைத்துச் செல்லுங்கள். தாசில்தார், சிரஸ்தார், டபேதார், ஜமாபந்தி ஆகிய சொற்கள் குஷ்பேகியும் மீர் ஷிகாரும் புழங்கிய அதே அரசவை மொழியிலிருந்து வந்தவை. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தபோது வகித்த பதவியின் பெயர் 'பௌஜ்தார்'. 1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1792 உடன்படிக்கையில் சீமையே கைமாறியதும் பாடநூல் சொல்லும். பௌஜ்தார் போனார், தாசில்தார் இருக்கிறார். எந்தப் பதவிப் பெயர் நிலைத்தது, எது மறைந்தது, ஏன் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு 'தார்' என்று முடியும் சொற்களைத் தொகுத்துவரச் சொன்னால், ஒரு வாரத்தில் சுவர் நிறையும் பட்டியல் வந்துவிடும்.

இனி அறிவியல். நம் பிள்ளைகள் வளைந்த அலகுள்ள எந்தப் பறவையையும் 'பருந்து' என்றுதான் சொல்வார்கள். நகரத்துக்கு மேலே வட்டமிடும் பருந்து வேட்டைக்குப் பழக்கப்பட்ட பறவை அல்ல. சிபிச் சக்கரவர்த்தி கதையில் புறாவைத் துரத்திவருவதைப் பலர் பருந்து என்றே சொல்கிறோம். பறக்கும் புறாவைப் பிடிப்பது உண்மையில் வல்லூறின் வேலை. தமிழில் வல்லூறு, வைரி, பைரி, ராஜாளி, லகுடு என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. சங்க இலக்கியத்தில் 'எழால்' வருகிறது. இத்தனை பெயர்கள் வைத்தவர்கள் பறவைகளை உற்றுப் பார்த்தவர்கள் என்பது தெளிவு. வல்லூறு பழக்குபவர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட வேறு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பெண் 'பாஸ்' என்றால் ஆண் 'ஜுர்ரா'. பெண் 'ஷிக்ரா' என்றால் ஆண் 'சிப்கா'. காரணம், இந்தப் பறவைகளில் பெண்ணே பெரியது, வலிமை மிக்கது. ஆண்தான் பெரிது என்று பழகிய மாணவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி.

திண்டுக்கல் சமவெளியில் எளிதில் காணக்கூடியது சின்ன வல்லூறு, அதாவது ஷிக்ரா. புளியமரத்திலும் வேப்பமரத்திலும் இலைமறைவில் உட்கார்ந்திருக்கும். பள்ளி வளாகத்தில் அணில்கள் திடீரென்று கூட்டமாகக் கத்தினால் மரத்தை அண்ணாந்து பாருங்கள். இதன் சிறகு குட்டை, வட்டமானது. மரங்களுக்கு இடையே புகுந்து திரும்புவதற்கு வசதி. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை முகடுகளில் கூடுகட்டும் ஷாஹீன் வல்லூறின் சிறகு நீண்டு கூர்மையானது. அது வானில் உயர்ந்து நின்று செங்குத்தாகப் பாயும். அதன் இனமான பொரி வல்லூறு பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். பார்வைக்கு உறவினர்போல் இருந்தாலும், ஷிக்ராவும் ஷாஹீனும் நெருங்கிய சொந்தமல்ல. 2008இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு ஒன்று, ஷாஹீன் வகையினர் கிளிகளுக்கே நெருக்கம் என்று காட்டியது. பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பழக்குதலுக்கும் வீட்டு விலங்காக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும் இந்தப் பறவை உதவும். ஆடு, மாடு, கோழியை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து மாற்றினான். அரண்மனை வல்லூறுகள் அப்படி மாறவே இல்லை. ஆயிரமாண்டு அரசர் கையில் உட்கார்ந்தும் அது காட்டுப் பறவையாகவே இருந்தது. ஒவ்வொரு பறவையையும் காட்டிலிருந்து பிடித்து, காலில் தோல்வார் மாட்டி, கண்ணை மறைத்து, பசியையும் உணவையும் அளந்து, நீளக் கயிற்றில் பறக்கவிட்டுப் பழக்கினார்கள். புதிதாகப் பிடித்த பறவையின் இமைகளை நூலால் தைத்துவைக்கும் வழக்கமும் இருந்தது. இதை மறைக்காமல் சொல்லலாம் என்பது என் கருத்து. அழகான கலை என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

அந்தப் பறவைகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். அரண்மனைப் பதிவேட்டில் குஷ்பேகியின் பெயர் இருக்கும். காட்டில் வாரக்கணக்கில் காத்திருந்து பறவையைப் பிடித்தவரின் பெயர் இருக்காது.

சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' நூலில் ஒவ்வொரு பறவைக்கும் உள்ளூர்ப் பெயர்களைக் குறித்திருக்கிறார். ஷாஹீனுக்குத் தமிழில் வல்லூறு, ஷிக்ராவுக்குச் சின்ன வல்லூறு. எருக்குலர் வழங்கிய பெயரையும் தனியே தருகிறார். நாடோடியாக வாழ்ந்த, பறவை பிடிப்பதில் தேர்ந்த மக்களிடமிருந்து அவர் கேட்டுக்கொண்டது அது. பிடிக்கும் முறையையும் விவரிக்கிறார். வல்லூறு சிறகை விரித்தால் எவ்வளவு அகலமோ அதே நீளத்துக்கு மெல்லிய பிரம்பு ஒன்றை எடுத்து, இரு முனைகளிலும் ஒட்டுப்பால் தடவி, நடுவில் ஒரு சிறு பறவையைக் கட்டிப் பறக்கவிடுவார்களாம். வல்லூறு பாய்ந்து இரையைப் பற்றித் தூக்கும்போது அதன் சிறகு நுனிகள் இரண்டும் பிரம்பின் முனைகளில் பட்டு ஒட்டிக்கொள்ளும். பறவையின் சிறகு விரிவை வெறுங்கண்ணால் அளந்து பிரம்பு வெட்டியவரிடம் இருந்தது என்ன அறிவு? உயிரியலா, வடிவியலா? எழுத்தறியாத அறிவு என்று அதைத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை.

அந்த அறிவுக்கு அரசு கொடுத்த பரிசு வேறு. 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. எருக்குலர், குறவர் முதலிய அலைகுடிகள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்யப்பட்டார்கள். பல குடும்பங்கள் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளில் அடைக்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகு, 1952இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது. 1972இல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாயின. பறவைகளின் பக்கம் நின்று பார்த்தால் தேவையான சட்டம். ஆனால் பறவை பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு மாற்றுத் தொழிலும் பள்ளியும் அதே வேகத்தில் வரவில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். 'குருவிக்காரர்' என்ற பெயரையே கவனியுங்கள். ஒரு தொழிலின் வரலாறு அதில் இருக்கிறது.

அரசர்கள் தரப்பில் கதை வேறு மாதிரி முடிந்தது. குஜராத்தின் பாவ்நகர் சமஸ்தானம் வல்லூறு வேட்டைக்குப் பெயர்பெற்றது. அதன் கடைசி மன்னர் கிருஷ்ணகுமார்சிங்ஜி 1948இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து 1952 வரை இங்கே இருந்தார். அப்பதவியில் நிலையாக அமர்ந்த முதல் இந்தியர் அவர். அவருடைய தம்பி தர்மகுமார்சிங்ஜி வல்லூறு பழக்குவதில் தேர்ந்தவர். பின்னாளில் பறவையியல் அறிஞராகி, 1955இல் சௌராட்டிரப் பறவைகள் பற்றி நூல் வெளியிட்டார். அவர்களது வேட்டை நிலமான வேளாவதர் புல்வெளி இன்று வெளிமான் தேசியப் பூங்கா. வேட்டைக்கார இளவரசர் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார். அவருக்குப் பறவை பிடித்துக் கொடுத்தவரின் பேரன் கள்ள வேட்டைக்காரன் என்ற சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறான். இருவரிடமும் இருந்தது ஒரே அறிவுதான். இளவரசரின் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது உண்மையான பணி. வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்துப் பேச வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பறவை பிடிக்கும் சமூகத்துப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், "உங்க வீட்டுல இதெல்லாம் பிடிப்பீங்களா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிடாதீர்கள். கேள்வி அன்பாக இருந்தாலும், மற்ற பிள்ளைகளின் கண்கள் அந்தப் பிள்ளையின் மேல் திரும்பிவிடும். மறுநாள் அது பள்ளிக்கு வராமல் போகலாம். நான் செய்வது, எல்லாருக்கும் பொதுவாக ஒரே வேலையைக் கொடுப்பது: 'உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பறவைப் பெயர்களையும் அவற்றின் பழக்கங்களையும் எழுதி வாருங்கள்.' பெயர் போடத் தேவையில்லை என்றும் சொல்லிவிடுவேன். காடை எந்த வரப்பில் முட்டையிடும், கௌதாரி விடியலில் எப்படிக் கத்தும், கரிச்சான் ஏன் வல்லூறைத் துரத்துகிறது என்று வரும் தாள்களில் எது அதிகச் செறிவோடு இருக்கிறதோ அதை நான் உரக்கப் படிப்பேன். யார் எழுதியது என்று தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதை எழுதிய பிள்ளையே முடிவு செய்துகொள்ளும். பெரும்பாலும் கை உயர்ந்துவிடும்.

எவராவது ஒரு பிள்ளை வீட்டில் பச்சைக்கிளி கூண்டில் இருப்பதாகச் சொன்னால் அங்கேயே சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். நாட்டுக் கிளியை வளர்ப்பதும் அதே 1972 சட்டப்படி குற்றம் என்பதை எல்லாருக்குமான பாடமாகச் சொல்லிவிட்டு, பெற்றோரிடம் தனியே பேசுவது நல்லது. அடிபட்ட வல்லூறோ ஆந்தையோ வளாகத்தில் விழுந்து கிடந்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூடி, தீனியும் தண்ணீரும் திணிக்காமல், வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். இருட்டில் அது அமைதியாகிவிடும். அரண்மனை வல்லூறுக்குத் தொப்பி மாட்டியதும் இதற்காகத்தான்.